ஆட்பெயர்கள்: இல்லை

ஐங்கரன் அடியில் தலை வைத்து, அம்மையும் அப்பனுமாய் நிற்பவனை நெஞ்சில் இருத்தி, செய்த பிழையை மறைக்காமல் சொல்லும் துணிவைத் தர வேண்டிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரைப் பூரணை நாள். தாயை இழந்தவர்கள் விரதம் இருந்து, கோயிலில் அவள் பெயரைச் சொல்லி மோட்ச அருச்சனை செய்விக்கும் நாள். மனிதர் செய்வதில் ஒன்றையும் விடாமல் எழுதி வைக்கிறார் என்று நாங்கள் நம்பும் சித்திரகுப்தருக்கு உரிய நாளும் அதுவே. அந்த நாளின் காலையில், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருந்தபடி நான் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. இந்த நாட்டில் இருபத்தேழு ஆண்டுகள் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். குழாயின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்காது என்பதால், அந்தத் தொட்டிக்கு முன் நின்றே அருட்பாடல்களை ஓதி ஓதி மனத்தில் நிறுத்தினேன். ஓய்வு பெற்ற பின், புறநகரான பொண்டியிலிருந்து ரயிலேறி, பஜோல் தெருவில் உள்ள கோயிலுக்கு வந்து, பூசையின் முடிவில் பண்ணோடு பாடுவது என் நாளாந்தக் கடமையாயிற்று. ஓதுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பதிகத்தின் கடைசிப் பாட்டு, அதை ஓதுவோர் பெறும் பலனைச் சொல்லும். அதைப் பாடிக் கைகூப்பினால் முடிந்தது. அதற்குப் பிறகு யார் எதைப் பேசினாலும் அது பாட்டில் சேராது. சிறுவயது முதல் என் காது அப்படித்தான் பழகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முப்பது வயது கடந்த ஒரு பெண் அருகில் வந்து நின்றாள். தமிழ்நாட்டுப் பேச்சு. பாரிசில் ஓர் ஒலி ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். அரை நூற்றாண்டுக்கு முன், பிரெஞ்சுக்காரர் ஒருவர் நாடாப் பதிவுப் பெட்டியைச் சுமந்துகொண்டு மேற்கு மலைத்தொடரில் உள்ள பழங்குடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய், அந்த மக்கள் பாடியதையெல்லாம் பதிந்து கொண்டுவந்திருக்கிறார். அந்த நாடாக்கள் இங்கே அலமாரியில் இருந்தன. அவற்றைப் பற்றிய குறிப்புகள் பிரெஞ்சில் இருந்தன. கேட்க விரும்பினால் பாரிசுக்கு வந்து, படிவம் நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். அந்தக் குரல்களுக்கு உரியவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தங்கள் முன்னோரின் குரலை அவர்களே தங்கள் கைத்தொலைபேசியில் தேடிக் கேட்க வழி செய்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் தமிழில் ஒரு விவரப் படிவம் எழுத வேண்டியிருந்தது.

"அவங்க பேச்சு நம்ம தமிழுக்குப் பக்கம்தான் ஐயா. ஆனா பழைய சொல்லு நிறைய வருது. நான் இங்கிலீஷ் மீடியம், எனக்குப் பிடிபடல. நீங்க பாடுறதக் கேட்டேன். உங்க காது வேணும்" என்றாள்.

தொட்டிக்கு முன் நின்று கற்றதை ஓர் ஆராய்ச்சி நிலையம் கேட்டு வந்திருக்கிறது என்ற எண்ணம் என்னை எவ்வளவு உயரத் தூக்கியது என்பதை மறைக்க மாட்டேன். உடனே ஒப்புக்கொண்டேன். இருந்து கேட்பதற்கு, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தன் தொலைபேசிக் கடையின் பின்னறையைத் தந்தார். அவருக்கு வாய் சும்மா இராது.

"அண்ணை, மலையிலை இருக்கிற சனம் தங்கடை பாட்டைத் தங்கடை பாட்டில பாடுது. அதுக்கும் பண் பிழையெண்டு சொல்லிப் போடாதையுங்கோ" என்றார் முதல் நாளே. அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படிவத்தில் சில கட்டங்கள் இருந்தன: பாட்டின் வகை, தொடக்கம், முடிவு, சுருக்கம், ஆட்பெயர்கள், இடப்பெயர்கள். அவள் ஆட்பெயர்கள் என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுதான் ஐயா முக்கியம். அவங்க பாட்டு வகையப் போட்டுத் தேட மாட்டாங்க. தாத்தா பேரு, பாட்டி பேரு போட்டுத்தான் தேடுவாங்க. பேருன்னு எது வந்தாலும் ஒண்ணு விடாம எழுதிடுங்க."

"ஓம் பிள்ளை" என்றேன்.

சித்திரைப் பூரணையன்று நான் கேட்ட பதிவில் ஓர் இளம்பெண் பாடினாள். எந்தப் பண்ணிலும் அடங்காத பாட்டு. யாரையோ ஆற்றுக்கு அப்பாலிருந்து அழைக்கிறாள். சுமையை இறக்கி வைத்து நிழலில் இரு என்கிறாள். சொற்கள் எனக்கு விளங்கின. விரதத்தால் வெறுமையாயிருந்த வயிற்றோடு கேட்டபோது கண் கலங்கியது. வகை என்ற கட்டத்தில் 'பக்திப் பாடல்' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த சொல் அதுதான்.

பதினான்காம் நிமிடத்தில் பாட்டு மெல்ல இறங்கி நின்றது. பிறகு அவள் சாதாரணக் குரலில் எதையோ சொல்லத் தொடங்கினாள். ஒரு சொல், சிறு நிறுத்தம். இன்னொரு சொல், சிறு நிறுத்தம். இரண்டு நிமிடம் கேட்டிருப்பேன். சுவரில் மணி பதினொன்றரை. கோயிலில் பன்னிரண்டுக்கு அருச்சனை. ஐயருக்குக் கொடுக்க வேண்டிய அரிசியும் காய்கறியும் நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குக் கீழே பையில் இருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அவை பெயர்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதும் மற்றெதற்கும் பொருளில்லை. தோன்றியது. ஆனால் பாட்டு முடிந்துவிட்டது. முடிந்த பின் வருவது பாட்டில் சேராது என்று என் காது தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாளைக்கு வந்து பார்க்கலாம் என்ற ஒரு சமாதானமும் கூடவே வந்தது. பதிவைக் கேட்க மாட்டியிருந்த காதுக் கருவியைக் கழற்றினேன். முடிவு: பதினான்காம் நிமிடம். பின்னர்: பொதுப் பேச்சு. ஆட்பெயர்கள்: இல்லை. இப்படி எழுதி, தேதியிட்டு, என் பெயரையும் போட்டேன்.

கோயிலில் வரிசை நீண்டிருந்தது. என் முறை வந்தபோது, கூட்டத்தின் இரைச்சலில் ஐயருக்குக் கேட்காமல் போகுமோ என்ற பயத்தில், என் அம்மாவின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை உரக்கச் சொன்னேன். பிறகு சித்திரைக் கஞ்சி வாங்கிக் குடித்தேன். மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் வேறொரு பதிவு காத்திருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. என் படிவத்தை நம்பி, அந்தப் பெண் பதினான்காம் நிமிடத்தில் ஒலியை வெட்டி இணையத்தில் ஏற்றினாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கும். தேர்த்திருவிழாவுக்குப் போவதற்காகப் பொண்டி ரயில் நிலையத்தில் நின்றபோது அவளுடைய அழைப்பு வந்தது. குரலில் மகிழ்ச்சி துள்ளியது. அவளுடைய முயற்சி முதன்முதலாக அந்தக் குடியிருப்பைப் போய்ச் சேர்ந்திருந்தது. ஓர் இளைஞர் தன் கைத்தொலைபேசியில் குடியிருப்பின் பெயரைப் போட்டுத் தேடி, அந்தப் பாட்டைத் தன் தாய்க்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாடியது அந்தத் தாயின் தாய். இளைஞரின் தாயான அந்த அம்மாள் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, மகன் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார். பாட்டு முடிந்த பின் என் அம்மா பெயர்களைச் சொன்னாளா?

அது அவர்களுடைய சாவுப் பாட்டாம். பாடி முடித்த பின், அந்தக் குடும்ப வழியில் இறந்தவர்கள் எல்லாருடைய பெயர்களையும், போன வரிசைப்படி, ஒரு பெண் சொல்ல வேண்டும். புதிதாக இறந்தவரின் பெயரை அந்த வரிசையின் கடைசியில் சேர்த்தால்தான் அவர் முன்னோரோடு சேர்வார். நடுவில் ஒரு பெயர் விட்டாலும் சேர்க்க முடியாது. சேராதவர் குடியிருப்பின் எல்லைக்கு வெளியே மழையில் நிற்பார். அந்த அம்மாள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். வரிசை தெரிந்திருந்த சின்னம்மாவைத் தொற்றுநோய் கொண்டுபோய்விட்டது. இப்போது அண்ணன் இறந்திருந்தார். வரிசையின் தொடக்கம் அந்த அம்மாளுக்குத் தெரியும், நடுப்பகுதி தெரியாது. அடுத்த மழைக்கு முன் அண்ணனின் பெயரைச் சேர்த்தாக வேண்டும்.

"உங்க படிவத்துல பேரு இல்லன்னு போட்டிருக்கீங்க. சரிதானே ஐயா? முழுப் பதிவு காப்பகத்துல இருக்கு, திரும்ப ஒரு தடவ கேட்டுப் பார்க்கவா?"

அந்தப் பின்னறையும், கதிரைக்குக் கீழிருந்த பையும், அந்தச் சிறு நிறுத்தங்களும் ஒரு கணம் என் முன்னே வந்து நின்றன. வந்து நின்றதை நான் பார்த்தேன். ஆனால் கேட்காமல் விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் இல்லையெண்டு எழுதியிருந்தால் இல்லைத்தான் பிள்ளை" என்றேன். "உமக்கு வேறை வேலை இல்லையோ" என்று சிரிக்கவும் சிரித்தேன். அவளுக்கு வேறு நூறு பதிவுகள் இருந்தன. வேலை ஒப்பந்தமும் முடியும் காலம். என்னை நம்பினாள். மலைக்கு அப்படியே பதில் போயிற்று. அன்றைக்கு வடம் பிடித்து இழுத்தவர்களுக்கு முன்னால் நடந்து, தொண்டை கட்டும்வரை பாடினேன்.

அதற்கடுத்த மாசி மாதத்தில் ஒரு மாலை, பூசை முடிந்ததும் அவள் கோயில் வாசலில் நின்றாள். "ஒரு அரை மணி நேரம் வாங்க ஐயா" என்றாள். கடையின் பின்னறையில் கணினியைத் திறந்தாள். வேலையை ஒப்படைக்கும் முன் எல்லாப் பதிவுகளின் நீளத்தையும் படிவங்களோடு ஒப்பிட்டாளாம். அந்தப் பதிவின் நீளம் முப்பத்தொரு நிமிடம். படிவம் பதினான்கில் முடிந்திருந்தது.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காதுக் கருவியை என் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

பதினேழு நிமிடம் கேட்டேன். பெயர்கள். ஒவ்வொன்றும் பெயர். ஆண்களின் பெயர்கள், பெண்களின் பெயர்கள், பெயர் வைக்குமுன்னே போய்விட்ட குழந்தைகளைக் குறிக்கும் ஒரு சொல். முதல் முறை இரண்டு நிமிடத்தில் எழுந்துபோன நான் அறியாத ஒன்று இன்னும் இருந்தது. அந்தச் சிறு நிறுத்தங்கள் வெறும் நிறுத்தங்கள் அல்ல. காதைக் கூர்மையாக்கினால், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும், பெட்டிக்குத் தொலைவிலிருந்து, ஒரு சிறுமியின் குரல் அதைத் திருப்பிச் சொல்கிறது. தாய் சொல்கிறாள்; பிள்ளை சொல்கிறாள். ஓரிடத்தில் பிள்ளை தடுமாறுகிறது. தாய் அதே பெயரை மறுபடி பொறுமையாகச் சொல்கிறாள். நானும் என் தகப்பனிடம் அப்படித்தான் ஓதக் கற்றேன். ஓதுதல் நடக்கும்போது அதை அறியாத காது என் காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இந்தப் பிள்ளை..." என்றேன்.

"அந்த அம்மாதான் ஐயா."

கடைக்காரத் தம்பி பால் விடாத பிளேன்ரீ இரண்டு கொண்டுவந்து வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அங்கே இருந்தபடியே அவள் மலைக்கு அழைத்தாள். மகன் எடுத்தார். பெயர்கள் கிடைத்துவிட்டன, தவறு எங்களுடையது, அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள்.

"அம்மா போன மழையிலேயே போயிட்டாங்க" என்றார் அவர்.

தொலைபேசியை வாங்கி, பிழை செய்தவன் நான்தான் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. உங்கள் அம்மா அந்தப் பதிலைக் கேட்டு என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மா யாரையும் குத்தம் சொல்லலீங்க. அன்னைக்கு அந்தப் பெட்டிய வச்சிருந்தப்ப அம்மா சின்னப் புள்ளையாம். சும்மா இல்லாம குறும்பு பண்ணுச்சாம். அந்தக் கோவத்துலதான் அம்மாவப் பெத்த ஆத்தா பேர் சொல்லாம எந்திரிச்சுட்டான்னு நெனச்சுக்கிட்டாங்க. என்னாலதான் அண்ணன் வெளிய நிக்கறான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைசி வரைக்கும்."

குறும்பு செய்யவில்லை. பக்கத்தில் நின்று ஒரு பெயர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. அதற்குச் சான்று பாரிசில் இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.

இனியாவது அந்தப் பெயர்களைச் சொல்லி மாமாவையும் அம்மாவையும் சேர்க்கலாமே என்று அந்தப் பெண் கேட்டாள். சேர்க்க முடியாது என்று அவர் அமைதியாக விளக்கினார். பெண்ணின் வாயிலிருந்து பெண்ணின் வாய்க்குப் போக வேண்டியது அது. பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. தாய்க்கு மட்டும் பெட்டியிலிருந்து கேட்டாலும் பொருந்தியிருக்கும், அவர் முன்பே தன் தாயின் வாயால் கேட்டுச் சொன்னவர் என்பதால். கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும். தனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. "மாமா பேரும் அம்மா பேரும் வெளியதான் நிக்குது. இனி அப்படித்தான்" என்றார். பிறகு, நான் அழுவது கேட்டதோ என்னவோ, "நீங்க பெரியவங்க, மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வைக்கும் முன் ஒன்று கேட்டார். அதில் அம்மாவின் சின்ன வயதுக் குரல் இருக்கிறதா? இருக்கிறது என்றோம்.

"அப்ப அத எனக்கு அனுப்புங்க. வேற யாருக்கும் வேணாம். இந்தத் தடவ வெட்டாம அனுப்புங்க."

அந்தப் பெண் அப்படியே அனுப்பினாள். அந்தப் பதிவைப் பொதுவிலிருந்து எடுத்து, அவருக்கும் அவர் இசைவு தருபவர்களுக்கும் மட்டும் திறக்கும்படி செய்தாள். ஓசையில்லாமல் படிவத்தைத் திருத்திவிடலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே, 'ஆட்பெயர்கள்: உண்டு. மேலே இல்லை என்று எழுதியது கேட்காமல் எழுதியது' என்று சேர்த்து, மறுபடியும் என் பெயரையே போடச் சொன்னேன். போட்டாள். அதனால் மலையில் யாரும் உள்ளே வந்துவிடவில்லை. அவள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "நானும் கேட்டிருக்கணும் ஐயா" என்றாள். அவள் கேட்கத்தான் பார்த்தாள். நான்தான் சிரித்துத் தடுத்தேன்.

இப்போதும் கோயிலில் பாடுகிறேன். கேட்பவர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். முன்பெல்லாம் பாடி முடித்துக் கைகூப்பும்போது, இத்தனை ஆண்டு ஓதியதில் ஏதோ ஒரு துளி எனக்கென்று சேர்ந்திருக்கும் என்று நினைப்பேன். அந்த நினைப்பு போய்விட்டது. கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்துபோகாமல் இருக்கிறேன். அந்த அமைதியில் ஒரு சிறுமி பெயர்களைத் திருப்பிச் சொல்வது கேட்கிறது. அவற்றைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, மறக்கவும் உரிமையில்லை. சித்திரைப் பூரணை வருகிறது. அரிசியும் காய்கறியும் கொண்டுபோய் வரிசையில் நிற்கிறேன். ஐயர் கேட்கும்போது என் அம்மாவின் பெயரை ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொல்கிறேன். அவளை உள்ளே சேர்க்க நான் ஓடிய அவசரத்தில்தான் இன்னொரு தாயும் அவள் அண்ணனும் மழையில் நிற்கிறார்கள் என்பதை அவளிடமும் சொல்ல முடியவில்லை, இறைவனிடமும் சொல்லி முடியவில்லை.

இதைப் படிக்கும் எல்லாரும் நலமாயிருங்கள். உங்களுக்குப் பின் உங்கள் பெயரை வரிசை தவறாமல் சொல்ல ஒரு வாயும், அதைக் கடைசிவரை எழுந்துபோகாமல் கேட்க ஒரு காதும் உங்களுக்கு வாய்க்கட்டும்.